கக்குவது பூனையின் சுபாவமா?

வீட்டில் ஒரு குழந்தை உண்ட சோற்றை வாந்தியெடுத்துவிட்டால், பாட்டி ஓமத்தைத் தேடுகிறாள், தாய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், தகப்பனார் வைத்தியரிடம் புறப்படச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்; அதே வீட்டில் பூனை உண்டதைக் கக்கிவிட்டாலோ, "பூனையென்றால் கக்கத்தானே செய்யும்" என்ற ஒரே வாக்கியத்தோடும், ஒரு பழந்துணியோடும், ஒரு மூடி பினாயிலோடும் விசாரணை முடிந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பு முழுவதும் பொய்யென்று சொல்வதற்கில்லை. குதிரையும் எலியும் வாந்தியெடுக்க இயலாத பிராணிகள். அந்த எலியைத் தின்னும் பூனையோ வெகு சுலபமாக வாந்தியெடுக்கும் தேக அமைப்பைப் பெற்றது. வேட்டையில் பிடித்ததை எலும்பும் இறகும் ரோமமுமாகச் சேர்த்து விழுங்கும் ஒரு ஜீவனுக்கு, செரிக்க மாட்டாததை வந்த வழியே திருப்பியனுப்பும் சக்தி இயற்கை அளித்த ரட்சையாகவே இருக்கிறது. போரிசன், வாங் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் வாந்தியை நடத்தும் கேந்திரம் முகுளத்தில் எங்கே அமைந்திருக்கிறதென்று 1949இல் ஆராய்ந்து எழுதியது பூனைகளின் மூளையைக் கொண்டேயாம். ஆகவே மனிதருடைய வாந்தியைப் பற்றி வைத்திய சாஸ்திரம் அறிந்திருப்பவற்றுள் ஒரு பகுதிக்கு நாம் இந்தப் பிராணிக்கே கடன்பட்டவர்கள்.

ஆயினும், எப்போதோ ஒரு நாள் கக்குவதற்கும் வாரந்தவறாமல் கக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை மேற்படி தீர்ப்பு மறைத்துவிடுகிறது என்பதே எனது ஆட்சேபணை. நாய் நோயுற்றால் எஜமானன் காலடியில் வந்து முனகும். பூனை அப்படிச் செய்யாது. தான் பிறவற்றை வேட்டையாடுவது போலவே தன்னைவிடப் பெரிய பிராணிகளால் வேட்டையாடப்படவும் கூடிய சிற்றுருவமுடையதாகையால், பலவீனத்தை வெளிக்காட்டாமல் கட்டிலுக்கடியிலோ பரண்மேலோ போய்ப் பதுங்கிக்கொள்வது அதன் வம்சத்து வழக்கம். வலியை மறைக்கத் தெரிந்த அந்த ஜீவன் மறைக்க முடியாமல் நம் கண்ணெதிரே விட்டுச் செல்லும் சாட்சியங்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானதை நாம் துடைத்தெறிந்துவிட்டு, பூனைக்கு என்ன நேர்ந்ததென்று தெரியவில்லையே என்று பிறகு அங்கலாய்க்கிறோம்.

முதலில் தெளிய வேண்டிய விஷயம், தரையில் கிடப்பது வாந்திதானா என்பது. மெய்யான வாந்திக்கு முன்னர் பூனை உதடுகளை ஓயாமல் நக்கும், எச்சில் வடிக்கும், நிலைகொள்ளாமல் இடம் மாறும். பின்னர் வயிறு அலையலையாகச் சுருங்கி, தேகம் முழுவதும் குலுங்க, அரைகுறையாகச் செரித்த ஆகாரமோ மஞ்சள் நிறப் பித்த நீரோ வெளிவரும். எதுக்களிப்பு இதற்கு முற்றிலும் மாறுபட்டது. உண்டு முடித்த சில நிமிஷங்களில், எவ்வித ஆயத்தமும் வருத்தமும் இல்லாமல், தலையைத் தாழ்த்திய மாத்திரத்திலேயே, உண்ட தீனி உருக்குலையாமல், உணவுக் குழாயின் அச்சில் வார்த்தது போன்ற நீண்ட உருளையாக வந்து விழும். சில பூனைகள் அதையே திரும்பவும் தின்றுவிடுவதும் உண்டு. முன்னது வயிற்றிலிருந்தும் அதற்குக் கீழிருந்தும் வருவது. பின்னது வயிற்றை எட்டாமலே திரும்புவது. மூன்றாவதாக ஒன்றுண்டு: கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகப் பதுங்கி, எதையோ வெளியேற்ற முயல்வது போலச் சத்தமிட்டு, முடிவில் ஒன்றும் வெளிவராமல் எழுந்துபோகும் பூனை. தொண்டையில் முடி சிக்கிக்கொண்டதென்று வீட்டார் சமாதானம் அடையும் இந்த நிலை பெரும்பாலும் வாந்தியே அன்று. அது இருமல், பூனைக்கும் வரக்கூடிய ஆஸ்துமாவின் லட்சணம். இம்மூன்றையும் வார்த்தையால் விவரித்து வைத்தியருக்கு விளங்கவைப்பது கடினம். கைப்பேசியில் அரை நிமிஷம் படம் பிடித்துக் காட்டினால், அவர் கேட்கும் கேள்விகளில் பாதி மிச்சமாகும்.

உருவத்துக்கு அடுத்தபடியாகக் காலத்தைக் கவனிக்க வேண்டும். உண்ட அரைமணி நேரத்துக்குள் தீனி செரிக்காமலே வந்தால், அவசரமாக விழுங்கியதையோ அளவுக்கு மிஞ்சி உண்டதையோ முதலில் சந்தேகிக்கலாம். காலையில் வைத்த ஆகாரம் பத்து மணி நேரத்துக்கும் மேல் சென்றபின் அப்படியே வெளிவருமானால், வயிறு தன்னைக் காலி செய்துகொள்ள முடியாமல் தவிக்கிறதென்று பொருள். விடியற்காலையில் மஞ்சள் நுரை மட்டும் வருவது, இரவு முழுவதும் வெறுமையாகக் கிடந்த வயிற்றில் பித்தம் ஏறியதாலும் நேரலாம். படுக்கும் முன் ஒரு சிறு கவளம் வைத்துப் பார்த்தால் அது தீர்ந்துவிடுகிறதா என்பது தெரியும். காப்பித் தூளைப் போன்ற கருந்துகள்கள் இருந்தால் அது செரித்த ரத்தம். மல நாற்றம் வீசினால் குடலில் அடைப்பு. இவ்விரண்டிலும் வீட்டுப் பரிசோதனைக்கு இடமில்லை.

உண்டவுடன் கக்கும் பூனைகளில் பெருந்தொகையானவை நோயாளிகள் அல்ல, அவசரக்காரர்கள். இந்த அவசரத்துக்குப் பொறுப்பாளிகள் நாமே என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தானே இரைதேடும் பூனை பகலும் இரவுமாகப் பத்துத் தடவைக்குக் குறையாமல், ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகவே உண்ணும். ஒரு சுண்டெலியிலிருந்து அதற்குக் கிடைப்பது சுமார் 30 கலோரி. நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 200 முதல் 250 கலோரி வரை. எட்டுச் சிறு வேளைகளில் நிரம்ப வேண்டிய அந்தச் சிறிய வயிற்றை, ஆபீஸுக்குப் போகும் முன் ஒரு குவியலும் திரும்பி வந்தபின் ஒரு குவியலுமாக இரண்டே வேளைகளில் நாம் நிரப்புகிறோம். அதிலும் பாக்கெட்டில் விற்கும் உலர் தீனி, விழுங்கியபின் நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும் தன்மையது. வீட்டில் இரண்டு பூனைகள் இருந்து, இரண்டின் கிண்ணங்களையும் அருகருகே வைக்கும் வழக்கமும் இருக்குமானால், பந்தியில் பாயசம் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சும் விருந்தாளியைப் போல ஒவ்வொன்றும் மற்றதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மெல்லாமல் விழுங்கும். தட்டை முகம் படைத்த பாரசீகப் பூனைகளுக்கோ தீனியைக் கவ்வி எடுப்பதே பெரும் பிரயாசை.

இதற்குச் செலவில்லாத பரிகாரங்கள் பல இருக்கின்றன. அதே அளவு உணவை நான்கைந்து பங்காக்கிக் கொடுக்கலாம். ஆழமான கிண்ணத்தை விட்டுத் தாம்பாளத்தில் பரப்பி வைத்தால், ஒரே வாயில் அள்ள முடியாமல் பொறுக்கித் தின்னும்; கிண்ணத்தின் நடுவே ஒரு சிறு டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதைச் சுற்றித் தீனியைப் போட்டாலும் இதே பயன் விளையும். உலர் தீனியை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்துக் கொடுப்பதால், வயிற்றுக்குள் நிகழ வேண்டிய ஊதல் கிண்ணத்திலேயே நிகழ்ந்துவிடும். ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி இரண்டு பூனைகளையும் தனித்தனி அறையில் உண்ணவிடுவது சிலர் வீட்டில் ஒரே நாளில் உபத்திரவத்தைத் தீர்த்திருக்கிறது. இரண்டு வாரம் இப்படி நடத்தியும் வாந்தி குறையாவிட்டால், காரணம் வேறு என்று அறிந்து மேலே செல்ல வேண்டும்.

உணவின் அளவைப் பற்றிச் சொன்னபின் உணவையே பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாலுக்கும் பூனைக்கும் உள்ள சம்பந்தம் நம்மவர் மனத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியதென்றால், கம்பர் தமது காவியத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிடத் துணிந்த பூனைக்கே தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். பூனைக்குப் பாலில் ஆசை உண்டு என்பது மெய்யே. ஆனால் தாய்ப்பாலை மறந்தபின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் சுரப்பு பூனைகளுக்குக் குறைந்துபோவதால், வளர்ந்த பூனைக்கு நாம் அன்போடு ஊற்றும் பசும்பால் பெரும்பாலும் பேதியாகவும், சிலவற்றுக்கு வாந்தியாகவும் முடிகிறது. குடிக்கத் தண்ணீர் போதும். சைவ வீடுகளில் தயிர்ச் சோற்றிலேயே வளர்க்கப்படும் பூனையின் கதை வேறு. பூனை மாமிச பட்சணி. டாரின் என்னும் சத்து அதற்கு மாமிசத்திலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் பூனையின் இருதயம் விரிந்து பலமிழக்கும் என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த மருத்துவர் குழு 1987இல் நிரூபித்தது. தயிர்ச் சோற்றுப் பூனை அப்படியும் பிழைத்திருப்பதற்குக் காரணம், வீட்டாருக்குத் தெரியாமல் அது தினந்தோறும் சுவர்ப் பல்லிகளிடம் மாமிச விருந்து உண்டு வருவதுதான்.

மீன் கொடுக்கும் வீடுகளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வேகவைத்து முள் நீக்கிய மீன் நல்லதே. ஆனால் பச்சை மீன் சிலவற்றில் பி1 விட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. குழம்பில் கிடந்த மீன் துண்டிலோ வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். இவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சென்னை வெயிலில் காலையில் வைத்த மீன் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் கடையில் பெரிய மூட்டையைப் பிரித்து லூஸாக நிறுத்து விற்கும் உலர் தீனியிலும் கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்குப் பிடித்துவிடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு பிராண்டிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே நாளில் தாவுவதும் வாந்திக்குக் காரணமாகும். பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுதும் மாற்றுவதே முறை. ஒரு குறிப்பிட்ட மாமிசமே ஒவ்வாத பூனைகளும் இருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்க, அதுவரை உண்டறியாத ஒரே வகை மாமிசத்தையோ வைத்தியர் குறிப்பிடும் விசேஷ உணவையோ மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் பரிவோடு போடும் ஒரு கருவாட்டுத் துண்டு பரீட்சை முழுவதையும் பாழாக்கிவிடும்.

இனி, எல்லாப் பழியையும் தாங்கிக்கொள்ளும் ரோமத்தைப் பற்றி. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன; நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளாலேயே அவையும் ஆனவை. அவற்றின் நுனி குழிந்திருப்பதையும், அக்குழிவில் எச்சிலை ஏந்திச் சென்று ரோமத்தின் அடிவரை அவை பூசுவதையும் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2018இல் விளக்கினார்கள். முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், நாக்கில் ஒட்டிய ரோமத்தைத் துப்புவதற்கு வழியின்றிப் பூனை விழுங்கியே ஆக வேண்டும். அதில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். தங்கித் திரண்டது எப்போதாவது ஈரமான நீண்ட சுருளாக வெளிவரும். நீண்ட ரோமமுள்ள பூனைக்கு மாதமொருமுறை இப்படி நேர்ந்தால் கவலையில்லை. தினந்தோறும் சீப்பால் வாரிவிட்டால் அதுவும் குறையும். நம் தெருக்களின் சாதாரணக் குட்டை ரோமப் பூனை வாரந்தோறும் ரோமத்தைக் கக்குமானால், குற்றம் ரோமத்தினுடையதன்று. தெள்ளுப்பூச்சியின் அரிப்பால் அளவுக்கு மீறி நக்குகிறது, அல்லது ரோமத்தைக் கீழே தள்ள வேண்டிய குடலின் இயக்கம் மந்தப்பட்டிருக்கிறது. இதற்கென்று விளக்கெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் வாயைப் பிளந்து ஊற்றுவோர் உண்டு. திமிறும் பூனையின் மூச்சுக்குழாயில் எண்ணெய் இறங்கினால் நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடும்.

தோட்டத்தில் பூனை புல் மேய்வதைப் பார்த்து, அது தனக்குத் தானே வைத்தியம் செய்துகொள்வதாக நம் பெரியோர் சொல்வார்கள். புல் தின்னும் பூனைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்னர் நோயின் குறி எதையும் காட்டுவதில்லை. மூதாதையரிடமிருந்து வந்த பழக்கமாகவே அறிஞர் இதைக் கருதுகிறார்கள். குப்பைமேனியின் விஷயம் இதைவிடச் சுவையானது. அச்செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினால் பூனை மதிமயங்கிப் புரளும்; பூனைவணங்கி என்று நம் நாட்டு வைத்தியர்கள் அதற்குப் பெயரிட்டது இதனால்தான். அதே செடியின் இலைச்சாறு சித்த வைத்தியத்தில் வாந்தி உண்டாக்கவும் பயன்பட்டு வந்தது. புழுவுக்கு நல்லதென்று குப்பைமேனிச் சாற்றைப் பூனைக்குப் புகட்டிவிட்டு, வாந்தி நிற்கவில்லையே என்று வருந்துவது வீண்.

புழு என்றவுடன் சொல்ல வேண்டியது: குட்டிகளின் வாந்தியில் நூல் போன்ற வெள்ளைப் புழு நெளிந்தால் அது உருண்டைப் புழு; ஆசனவாயின் ரோமத்தில் உலர்ந்த அரிசி போல் ஒட்டியிருப்பது தெள்ளுப்பூச்சியின் வழியாகத் தொற்றும் நாடாப் புழுவின் துண்டு. எடைக்குத் தக்க மாத்திரை இரண்டையும் தீர்க்கும். பல்லி தின்னும் பூனைகளுக்கு, உஷ்ணப் பிரதேசங்களில், பித்தக்குழாயில் குடியேறும் ஒரு தட்டைப் புழு உண்டு. வாந்தியோடு கண்ணின் வெண்மையும் ஈறும் மஞ்சளித்தால் அதையும் வைத்தியர் நினைவில் கொள்ள வேண்டியிருக்கும். தடுப்பூசி போடாத குட்டி ஒன்று திடீரென்று சோர்ந்து, உண்ணாமல், வாந்தியும் பேதியுமாகக் கிடந்தால் புழுவைத் தேடிக்கொண்டிராதீர்கள். பூனைகளின் பார்வோ நோயாக இருக்கலாம், அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். பூச்சரம் தொடுத்துவிட்டு மீந்த நூற்கண்டைத் தரையில் போடுவதும், வாடிய சரத்தைக் கூடத்து மூலையில் வீசுவதும் நம் வீடுகளில் நித்திய நிகழ்ச்சி. ஆடும் நூல் பூனைக்கு ஆட்டப் பொருள்; கவ்விய நூலை நாக்கின் முட்கள் வெளியே விடமாட்டா; உள்ளே இழுத்துக்கொண்டே போகும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் இறங்கிவிட்டால், குடல் தன் இயல்பான அசைவால் அந்த நூலின்மேல் ஏறி ஏறி, பாவாடை நாடாவில் துணி சுருங்குவது போலச் சுருங்கிவிடும். இறுகிய நூல் நாளடைவில் குடற்சுவரை அறுத்துவிடும். தையல் ஊசியோடு கூடிய நூலும் பட்டத்து மாஞ்சாவும் இன்னும் கொடியவை. ஆகவே, திடீரென்று அடிக்கடி வாந்தியெடுத்து உணவை மறுக்கும் இளம் பூனையின் நாக்கை மெல்ல உயர்த்தி அடியில் பார்க்க வேண்டும். அங்கே நூல் தெரிந்தாலும், ஆசனவாயில் நூல் தொங்கினாலும், தயவுசெய்து இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அறுவைச் சிகிச்சை தெரிந்தவரிடம் அப்படியே கொண்டு செல்லுங்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட பினாயிலுக்கு இப்போது வருவோம். மனிதரின் கல்லீரலுக்கு இயல்பாக உள்ள ஒருவகை விஷமுறிப்புச் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பினாயிலின் ஜாதியைச் சேர்ந்த கிருமிநாசினிகள் உலராத தரையில் நடந்து, பின்னர்ப் பாதங்களை நக்கிச் சுத்தம் செய்யும் பூனை, அந்த விஷத்தை வேளாவேளைக்கு உட்கொள்கிறது; வாந்தியைத் துடைக்கப் போய் மறுநாள் வாந்திக்கு வித்திடுகிறோம். சோப்பு நீரால் துடைத்து, வெறும் நீரால் மறுபடியும் துடைத்து உலரவிடுவது போதும். காய்ச்சலோ வலியோ என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுப்பது இதனினும் கொடுமை. அரை மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். பூச்சாடியில் வைக்கும் லில்லி மலர்களின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். நம் மாநில மலராகிய செங்காந்தளும், வேறு குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், கிழங்கு முதல் விதை வரை விஷமே.

வயதான பூனைகளைப் பற்றிய பகுதிக்கு வரும்போது என் குரல் சற்றுக் கடுமையாகிறது. ஏனென்றால் "பூனையென்றால் கக்கும்" என்ற வாக்கியம் மிகுந்த தீங்கு செய்வது இவற்றுக்குத்தான். பத்து வயதைக் கடந்த பூனை நன்றாகத் தின்கிறது, முன்னிலும் சுறுசுறுப்பாக ஓடுகிறது, ஆனால் கக்குகிறது, இளைக்கிறது என்றால், வீட்டார் மகிழ்வதற்குப் பதிலாகத் தைராய்டைச் சோதிக்க வேண்டும். பூனைக்குத் தைராய்டு மிகுதியாகச் சுரக்கும் நோய் உண்டென்பதை நியூயார்க் நகரத்து மிருக வைத்தியர்கள் முதன்முதலாக எடுத்துரைத்ததே 1979இல்தான். தண்ணீரை அதிகமாகக் குடித்து, மிகுதியாகச் சிறுநீர் கழித்து, காலை வேளையில் குமட்டும் கிழப்பூனைக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நாட்பட்ட வாந்தி, எடைக் குறைவு முதலிய குறிகளுடையனவும், ஸ்கேனில் சிறுகுடல் தடித்துக் காணப்பட்டனவுமான 100 பூனைகளின் குடலிலிருந்து சதைத் துணுக்கெடுத்துப் பார்த்தபோது, 99இல் நோய் இருந்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நாட்பட்ட குடல் அழற்சி அல்லது லிம்போமா என்னும் புற்று. முடியைக் கக்குகிறது என்று வருஷக்கணக்கில் சமாதானம் சொல்லப்பட்ட பூனைகள் இவ்வகையில் எத்தனையோ. மாதம் ஒருமுறை பூனையை எடுத்துக்கொண்டு எடை மேடையில் ஏறி நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, வித்தியாசத்தைக் குறித்து வைப்பது எளிது. நான்கு கிலோப் பூனை முயற்சியின்றி 400 கிராம் இழந்திருந்தால், மனிதரில் அறுபது கிலோ உள்ளவர் ஆறு கிலோ இழந்ததற்கு அது சமானம்.

ஒரே ஒரு தடவை கக்கிவிட்டு, வழக்கம்போல் விளையாடிக்கொண்டிருக்கும் வளர்ந்த பூனைக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. சில மணி நேரம் ஆகாரத்தை நிறுத்தி, தண்ணீரைச் சிறிது சிறிதாக வைத்து, பிறகு உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேராத வேகவைத்த கோழியிறைச்சியை ஒரு ஸ்பூன் அளவில் கொடுத்துப் பார்க்கலாம். லங்கணம் பரம ஔஷதம் என்று மனிதருக்குச் சொல்லும் வாக்கியத்தைப் பூனைக்குப் பொருத்திவிடக் கூடாது. குட்டிகளைப் பட்டினி போடவே கூடாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமலிருந்தாலே தேகத்துக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து படிந்து, முதல் நோயைவிடப் பெரிய நோயாகிவிடும். எதையோ விழுங்கிவிட்டதென்று உப்பு நீரைப் புகட்டிச் செயற்கையாக வாந்தியெடுக்கச் செய்வதும் ஆபத்தே.

ஒரே நாளில் பலமுறை வாந்தி, தண்ணீரும் தங்காமை, ரத்தம், கழுத்துத் தோலைப் பிடித்துவிட்டால் உடனே தாழாமல் மடிந்து நிற்கும் நீர்வறட்சி, ஒளிந்துகொண்டு வெளிவர மறுத்தல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாளைக்கு ஒத்திவைக்க வேண்டாம். ஆண் பூனை மணற்பெட்டியில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கி, சிறுநீர் சொட்டும் வராமல், அதோடு வாந்தியும் எடுக்குமானால், அது மலச்சிக்கலன்று, நீரடைப்பு. இரண்டு மூன்று நாளில் உயிரைப் பறித்துவிடும். அப்படியொன்றுமில்லாமல், நன்றாகவே தோன்றும் பூனை வாரத்துக்கு ஒருமுறை வீதம் மூன்று வாரத்துக்கு மேல் கக்கிவந்தாலும் அது பரிசோதனைக்கு உரியதே.

மாட்டாஸ்பத்திரி என்று நாம் அழைத்துப் பழகிய இடங்களுக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு போகச் சிலர் கூச்சப்படுகிறார்கள். 1903இல் இருபது மாணாக்கரோடு தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் இன்று பூனைகளுக்கும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் நடக்கின்றன. கூச்சத்துக்கு இடமே இல்லை. போகும்போது மூன்று பொருள்களை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்: வாந்தியெடுக்கும்போது பிடித்த படம், உண்ணும் தீனியின் உறை, எந்த நாளில் எந்த மணிக்கு உண்டு எந்த மணிக்குக் கக்கியது என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அந்தக் காகிதத்தை நாளைக்கே காலண்டரின் ஓரத்தில் எழுதத் தொடங்கலாம். இந்த வாரம் பூனை கக்கினால், துடைப்பதற்கு முன் மணியைப் பாருங்கள்.